செலவாகாத நாற்பத்திரண்டாயிரம்

நவம்பர் 3

இன்று முதல் இந்த நோட்டில் எழுதுகிறேன். நான் குருலிங்கம், நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர், வயது நாற்பத்தாறு. வருகிற வருஷம் வட்டாரக் கல்வி அலுவலர் ஆகப்போகிறவன். ஆகப்போகிறவன் என்றே எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

வட்டாரக் கல்வி அலுவலர் என்றால் பாடம் நடத்துவது அல்ல, பணத்தை நடத்துவது. அது எனக்குத் தெரியாது. அதனால் நானே கேட்டு வாங்கி மாவட்ட அலுவலகத்தின் நிதிப் பிரிவுக்கு மாற்றுப்பணியில் வந்திருக்கிறேன். அடுத்த ஆண்டுக்கான வரவு செலவு மதிப்பீடு தயாரிக்க ஆள் வேண்டுமாம். மார்ச் வரை இங்கேதான்.

எனக்குப் பாடம் சொல்லித்தரப் போவது கவிப்பிரியா என்ற உதவியாளர். இருபத்தேழு வயது. என் மாணவிகளில் பாதிப்பேர் இவளைவிடப் பெரியவர்கள். "சார், உங்களுக்கு எக்ஸெல் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். "எவ்வளவு தெரியும்?" என்றாள். திமிர்.

நவம்பர் 6

முதல் பாடம். வீட்டில் செலவு குறைந்தால் நல்லது. அரசாங்கத்தில் செலவு குறைந்தால் குற்றம்.

"நூறு ரூபா குடுத்து எண்பது செலவு பண்ணீங்கன்னா, அடுத்த வருஷம் உங்களுக்கு எண்பதுதான் வரும் சார். இருபதை மிச்சம் பிடிச்சேன்னு யாரும் மாலை போட மாட்டாங்க. தேவையில்லாமக் கேட்டிருக்கேன்னு எழுதுவாங்க."

"அப்ப தேவையே இல்லேன்னாலும் செலவழிக்கணுமா?"

"செலவழிச்சதுக்கு பில் இருக்கணும்." இதைச் சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தாள். எலுமிச்சை சாதம். எனக்கும் ஒரு கை வைத்தாள். திமிர் இருந்தாலும் மனசு உண்டு.

நவம்பர் 11

சென்னையிலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. சென்ற ஆண்டு ஒதுக்கிய தொகையில் அறுபது சதவீதத்துக்குக் கீழே செலவழித்த இனங்களை, அதாவது செலவுத் தலைப்புகளை, அடுத்த ஆண்டு மதிப்பீட்டிலிருந்து நீக்க வேண்டும். மாவட்டத்தின் முதன்மைக் கல்வி அலுவலர், அதாவது சி.இ.ஓ., என்னைக் கூப்பிட்டார். வாயுத் தொந்தரவுக்காரர், மேஜையில் எப்போதும் வெந்நீர் பிளாஸ்க். "குருலிங்கம், எவ்வளவு நீக்குறீங்களோ அவ்வளவு நமக்கு நல்ல பேர்" என்றார். நமக்கு என்றாரே, அதைக் கவனித்தேன்.

முதலில் என் பள்ளியின் கணக்கைப் பார்த்தேன். நூறு சதவீதம். சென்ற ஆண்டு மழையில் எங்கள் பக்கமும் பாலம் உடைந்து காலனிப் பிள்ளைகளுக்கு விட்ட வண்டி நாலு மாதம் ஓடவில்லை. ஆனால் பில் ஓடியது. அந்தப் பணத்தில் பள்ளிக்கு வர்ணம் அடித்தேன், கேட் போட்டேன், மிச்சத்தில் ஒன்றும் தப்பாகச் செய்யவில்லை. நிர்வாகம் என்பது இதுதான்.

நவம்பர் 12

கேஸ் சிலிண்டர் வந்தது. மனைவி வசுமதிக்கு முழங்கால் வலி.

நவம்பர் 18

மாவட்டம் முழுக்கப் போக்குவரத்துப்படி இனத்தில் முப்பத்தொரு பள்ளிகள். மலையிலும் காட்டோரத்திலும் இருக்கிற பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவர ஜீப், ஆட்டோ வாடகை. முப்பது பள்ளிகள் நூறு சதவீதம். சென்ற ஆண்டு ஊரே மழையில் மிதந்தது, முப்பது பள்ளிகளின் ஜீப்பும் ஒரு நாள் நிற்காமல் ஓடியிருக்கிறது. சிரித்துவிட்டேன்.

ஒரே ஒரு பள்ளி ஐம்பது சதவீதம். வேலங்கரடு நடுநிலைப் பள்ளி. தலைமையாசிரியர் அமலோற்பவம்.

அமலோற்பவம் டீச்சரும் நானும் ஆறு வருஷம் ஒரே பள்ளியில் இருந்தோம். எனக்கு டைபாய்டு வந்து நாற்பது நாள் படுத்தபோது என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்தவர். நல்லவர். நல்லவர்களுக்கே உரிய ஒரு பிடிவாதம் உண்டு. அவர் பள்ளிக்கு ஒன்பது கிலோமீட்டர் மேலே சேம்புப்பாறை என்ற குடியிருப்பு. அங்கிருந்து பதினாலு பிள்ளைகள் ஜீப்பில் வருகிறார்கள். ஆண்டுக்கு எண்பத்துநாலாயிரம். மண்சரிவில் சாலை அறுந்து ஜூன் முதல் அக்டோபர் வரை ஜீப் ஓடவில்லை. மனுஷி, ஜீப் ஓடாத ஐந்து மாதத்துக்கு பில் போடவில்லை. நாற்பத்திரண்டாயிரத்தைத் திருப்பிக் கட்டிவிட்டார். மார்ச் 27, சலான் எண் 318. அந்த ஐந்து மாதமும் வாரம் மூன்று நாள் அவரே மேலே ஏறிப்போய்ப் பாடம் நடத்தியதாகக் கவிப்பிரியா சொன்னாள்.

"அந்தப் பணம் இப்ப எங்கே?" என்று கேட்டேன்.

"அதுமேலதான் சார் நீங்க உக்காந்திருக்கீங்க."

மார்ச் 30ஆம் தேதி இந்தப் பிரிவுக்கு இரண்டு சுழல் நாற்காலி, ஒரு பீரோ, ஜன்னல் திரை வாங்கியிருக்கிறார்கள். பணத்தை வைத்துக்கொண்டு மார்ச் 31ஐத் தாண்ட முடியாது அல்லவா. நாற்காலி நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 19

பதவி உயர்வுப் பட்டியலின் முன்வரைவு வந்துவிட்டது. என் பெயர் 42. காலியிடம் 41 என்கிறார்கள். 41ஆவது பெயர் அமலோற்பவம். இது ஒரு தகவல், அவ்வளவுதான். அவருக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 24

டீச்சர் வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள், மதிப்பீட்டிலிருந்து ஜீப் அடிபடப் போகிறது என்று. அதே பழுப்புக் காட்டன் சேலை, அதே குடை. இரண்டு பஸ் மாறி வந்ததில் முகம் வெளிறியிருந்தது. என்னைப் பார்த்ததும் அந்த வெளிறலிலும் ஒரு சிரிப்பு.

"தம்பி, நீங்க இங்க இருக்கீங்கன்னு கேட்டதும்தான் உயிரே வந்துச்சு."

சுற்றறிக்கையைக் காட்டினேன். வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார்.

"நான் பணத்தைத் திருப்பிக் குடுத்ததுக்கா ஜீப்பை எடுக்கிறாங்க?"

"திருப்பிக் குடுத்ததுக்கு இல்ல டீச்சர். செலவழிக்காததுக்கு."

"ஓடாத ஜீப்புக்கு எப்படித் தம்பி செலவழிப்பாங்க?"

முப்பது பள்ளிகள் எப்படிச் செலவழித்தன என்று நான் சொல்லவில்லை. அவர் என் மேஜைமேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு பேசினார். பதினாலில் ஒன்பது பெண்பிள்ளைகளாம். மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் பெண்பிள்ளைகளுக்கு நாள் கூலி முன்னூறு. ஜீப் நின்றால் அடுத்த நாளே காய் பறிக்க அனுப்பிவிடுவார்களாம். "ஆறாங்கிளாஸ்ல ஏழு பேரு இருக்காங்க தம்பி. நான் ரிட்டையர் ஆகுறதுக்குள்ள அந்த ஏழு பேரும் எட்டு முடிச்சிடணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

பதவி உயர்வுக்கு வாழ்த்துச் சொன்னேன். "அதெல்லாம் வந்தா வரட்டும், ஜீப்பைப் பாருங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வந்தா வரட்டுமாம். இருபத்திரண்டு வருஷமாக நான் எண்ணிக்கொண்டிருக்கும் ஒன்று இவருக்கு வந்தா வரட்டும்.

நவம்பர் 25

தலைவலி. சீக்கிரம் படுத்தேன்.

டிசம்பர் 2

கவிப்பிரியா ஒரு வழி சொன்னாள். மதிப்பீட்டோடு ஒரு சிறப்புக் குறிப்பு வைக்கலாமாம். 'மண்சரிவால் வாகனம் ஓடவில்லை, தொகை முறையாகத் திருப்பிச் செலுத்தப்பட்டது, இனம் தொடர வேண்டும்' என்று நாலு வரி. சி.இ.ஓ. கையெழுத்துப் போட்டால் சென்னையில் ஏற்றுக்கொள்வார்கள். இதற்கு முன் ஒருமுறை நடந்திருக்கிறதாம்.

"நானே டைப் அடிச்சித் தர்றேன் சார்."

வேண்டாம் என்றேன். சிறப்புக் குறிப்பு வைத்தால் மற்ற முப்பது பள்ளிகளின் ஜீப் எப்படி மழையில் ஓடியது என்று சென்னையில் எவனாவது கேட்பான். அதில் என் பள்ளியும் ஒன்று. நான் முப்பது தலைமையாசிரியர்களின் பொதுநலனைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டிசம்பர் 5

டீச்சருக்குப் போன் செய்தேன். எனக்கே ஒரு நல்ல வழி தோன்றியது. ஓடாத ஐந்து மாதத்துக்கும் பழைய தேதியில் ஜீப்காரரிடம் பில் வாங்கி, திருத்திய பயன்பாட்டுச் சான்று ஒன்று கொடுத்துவிட்டால் கணக்கு நூறு சதவீதம் ஆகிவிடும். ஜீப் தப்பிவிடும்.

"பணத்தைத் திருப்பிக் கட்டியாச்சே தம்பி?"

"அது நம்ம ஆபீஸ் கணக்குலதான் சும்மா கிடக்கு டீச்சர். நான் நோட் வச்சு மறுபடி உங்க பள்ளிக்கணக்குக்கே அனுப்பச் சொல்றேன். அந்தப் பணம் வந்ததும் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாசுக்கு ஜீப் விடுங்க. பில்லும் பணமும் சரியாப் போயிடும்."

"பொய்க் கணக்கு எழுதினதில்லை தம்பி" என்றார்.

"இது பொய் இல்ல டீச்சர், தேதி மட்டும்தான் முன்ன பின்ன. பிள்ளைங்க முக்கியமா, தேதி முக்கியமா?"

இதை நான் உணர்ந்துதான் சொன்னேன்.

டிசம்பர் 9

டீச்சர் வந்தார். ஐந்து பில், ஒரு சான்று. என் மேஜையில் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டார். முதல் கையெழுத்துக்கு முன்னால் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். இரண்டாவது பில்லில் பெயர் கொஞ்சம் இழுத்துவிட்டது. கவிப்பிரியா பக்கத்து மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். டீச்சர் போனபிறகு கேட்டாள்.

"சார், அவங்க கட்டின பணம் செலவாயிடுச்சுன்னு சொன்னீங்களா?"

"எல்லாத்தையும் ஒரே நாள்ல சொல்ல முடியாதும்மா" என்றேன்.

வேலங்கரடு ஜீப்பை மதிப்பீட்டில் சேர்த்துவிட்டேன். நான் சொன்ன சொல் தவறாதவன்.

டிசம்பர் 10

பணத்தைத் திருப்பி அனுப்பும் நோட் எழுத நினைத்தேன். நேரமில்லை.

டிசம்பர் 13

சலவைக்காரர் சட்டையைக் கருக்கிவிட்டார். சண்டை. நோட் எழுதவில்லை.

டிசம்பர் 17

டீச்சர் போன். பணம் வந்ததா என்று பாஸ்புக்கைப் போட்டுப் பார்த்தாராம், வரவில்லையாம். பொங்கலுக்குள் வந்துவிடும் என்றேன். "உங்களை நம்பித்தான் தம்பி கையெழுத்துப் போட்டேன்" என்றார். தெரியும் என்றேன். ஒரே விஷயத்தை எத்தனை முறைதான் சொல்வார்கள்.

டிசம்பர் 20

ஞாபகத்துக்கு: ஒழுங்கு நடவடிக்கை விதி, பதினேழு பி. இந்த விதியின்கீழ் கொடுத்த குற்றச்சாட்டு மெமோ நிலுவையில் இருக்கும்வரை ஒருவர் பெயரைப் பதவி உயர்வுப் பட்டியலில் சேர்க்க முடியாது. துறைப் பரீட்சைக்கு முக்கியமான பகுதி.

என் கையெழுத்து எனக்கே புரியாது, வசுமதி எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரு கவரில் விலாசம் எழுதச் சொன்னேன். சாயங்காலம் தபால் நிலையம் வரை நடந்துவிட்டு வந்தேன். நடை உடம்புக்கு நல்லது.

டிசம்பர் 29

அலுவலகமே அமளி. சி.இ.ஓ.வுக்கு மொட்டைப் பெட்டிஷன் வந்திருக்கிறது. வேலங்கரடு தலைமையாசிரியர் ஓடாத ஜீப்புக்குப் பொய் பில் கொடுத்திருக்கிறார், அதே மாதங்களின் தொகையைச் சலான் 318இல் திருப்பியும் கட்டியிருக்கிறார், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவும் என்று எழுதியிருக்கிறது. எனக்கு அதிர்ச்சி. யாரோ பொறாமை பிடித்தவர்கள். படித்தவர்கள் மத்தியில் இந்த மொட்டைக் கடிதப் பழக்கம் எப்போதுதான் ஒழியுமோ.

சி.இ.ஓ. இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். திருப்பிக் கட்டிய பணத்தையே செலவழித்ததாகச் சான்று. எந்தக் குழந்தைக்கும் புரியும். "இந்த பில்லெல்லாம் எப்ப வந்துச்சு?" என்றார். "இந்த மாசம் கொடுத்தாங்க சார். நல்ல எண்ணத்துல வாங்கி வச்சேன். சலானை ஒப்பிட்டுப் பாக்க எனக்குத் தோணலை" என்றேன். வெந்நீர் குடித்தார். ஜீப் இனத்தைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மெமோவை என்னையே எழுதச் சொன்னார்.

வெளியே வந்ததும் கவிப்பிரியா.

"சலான் நம்பர் இந்த ரெஜிஸ்டர்ல மட்டும்தான் சார் இருக்கு. இந்த ரெஜிஸ்டரைத் தொறக்கிறது ரெண்டே பேர்."

"நீயாம்மா எழுதினே?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை பெரியவர்களைப் பார்க்கிற பார்வை இல்லை. "கவர் மேல பொம்பளை எழுத்து சார். முத்து முத்தா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அப்படியானால் ஏதோ ஒரு பெண் ஆசிரியையின் வேலைதான்.

இன்று எனக்கு எலுமிச்சை சாதம் கிடையாது.

டிசம்பர் 30

வசுமதியிடம் டீச்சருக்கு வந்த கஷ்டத்தைச் சொன்னேன். தோசைக்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு அந்தக் கவர்ல என்ன இருந்துச்சு?"

"எந்தக் கவர்?" என்றேன்.

அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். இந்த வயதில் பெண்களுக்குக் காரணமில்லாமல் எரிச்சல் வருமாம். டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஜனவரி 4

மெமோ எழுதி முடித்தேன். இரண்டு குற்றச்சாட்டு. ஒன்று, ஒதுக்கிய நிதியை உரிய காலத்தில் பயன்படுத்தாமல் மலைவாழ் மாணவர் நலனுக்குக் குந்தகம் விளைவித்தது. இரண்டு, பயன்படுத்தாத நிதியைப் பயன்படுத்தியதாகப் பொய்ச் சான்று அளித்தது. முதல் குற்றச்சாட்டு நானே சேர்த்தது. சி.இ.ஓ. வாசித்துவிட்டு, "செலவழிக்காததும் தப்பு, செலவழிச்சேன்னு சொன்னதும் தப்பு. பிரமாதம். உங்களுக்கு டிராஃப்டிங் கைவருது" என்றார். வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனேன். வசுமதி தொடவில்லை.

ஜனவரி 12

நாலு நாளாகத் தூக்கம் சரியில்லை. டீச்சரின் விளக்கம் இன்னும் வரவில்லை. என் பெயரை எழுதினால்? 'குருலிங்கம் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டேன்' என்று ஒரு வரி போதும். கவிப்பிரியாவைக் கூப்பிட்டு விசாரித்தால் அவள் வாயை மூடிக்கொண்டு இருப்பாளா? எனக்கும் பதினேழு பி, எனக்கும் பட்டியல் இல்லை. ஒருவருக்கு உதவி செய்யப்போய் என்ன பாடு படுகிறேன் பாருங்கள்.

ஜனவரி 18

சாயங்காலம் ஐந்து மணிக்கு டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். வசுமதி ஓடிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள், காபி கொடுத்தாள், பிறகு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டீச்சர் அழவில்லை. கத்தவில்லை. பையிலிருந்து விளக்கக் கடிதத்தை எடுத்து வாசிக்கக் கொடுத்தார். நான் கடைசிவரை என் பெயரைத் தேடினேன். இல்லை. 'ஜீப் நின்றுவிடும் என்ற அச்சத்தில் என் சொந்த யோசனையில் செய்தேன்' என்று இருந்தது.

"நாளைக்கு நேர்ல குடுக்கப் போறேன். அதுக்கு முன்னாடி நீங்க பாக்கணும்னு கொண்டாந்தேன்."

"டீச்சர்…" என்றேன்.

"நோட்டு வைக்க மறந்துட்டீங்க. அப்படித்தானே தம்பி?"

"ஆமா டீச்சர். வேலை மும்முரத்துல…"

"என் மனசுக்கும் அப்படித்தான் சொல்லிட்டிருக்கேன், நீங்க மறந்துட்டீங்கன்னு." காபி டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எனக்கு இனிமே பட்டியலும் வராது, பேரும் திரும்பாது. உங்களையும் இழுத்துப் போட்டா எனக்கு என்ன கிடைக்கும்? நீங்க ஆபீசர் ஆகிடுவீங்க. வேலங்கரடு உங்க வட்டாரத்துலதான் வருமாம், விசாரிச்சேன். அடுத்த எஸ்டிமேட்ல ஜீப்பைப் போட்டுருங்க. ஒரு வருஷம் பிள்ளைங்களை எப்படியாவது நடக்க வச்சிடுறேன். அடுத்த வருஷம் போட்டுருங்க. அதுக்குத்தான் இந்தக் காகிதம்."

போடுகிறேன் என்றேன். "சத்தியமா?" என்றார். சத்தியமா என்றேன். நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், அந்த நேரத்தில் உண்மையாகவே போடுவதாகத்தான் இருந்தேன். கண்கூடக் கலங்கிவிட்டது எனக்கு.

பஸ் நிறுத்தம் வரை கொண்டுவிடட்டுமா என்றேன். வேண்டாம் என்று நடந்தே போனார். நல்ல மனுஷி. இன்று நன்றாகத் தூங்குவேன்.

பிப்ரவரி 20

பட்டியல் வெளியானது. 41: ப. குருலிங்கம்.

மார்ச் 31

ஆண்டுக் கடைசி நாள். அலுவலகத்தில் எல்லோரும் செலவழித்துத் தள்ளினோம். மீதம் பதினெட்டாயிரத்துக்கு சி.இ.ஓ. அறைக்கு ஒரு வெந்நீர் இயந்திரம். சல்லிக்காசு திருப்பிக் கட்டவில்லை. கவிப்பிரியா தானே கேட்டு வேறு பிரிவுக்குப் போய்விட்டாள். கிளம்பும்போது, "நீங்க நல்லாக் கத்துக்கிட்டீங்க சார்" என்றாள். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 5

வட்டாரக் கல்வி அலுவலராகப் பொறுப்பேற்றேன். சால்வை இருபத்தாறு, பழத்தட்டு ஒன்பது. என் மேஜைக்கு வந்த முதல் கோப்பு அமலோற்பவம் டீச்சரின் தற்காலிகப் பணிநீக்க ஆணையை வேலங்கரட்டில் சேர்ப்பிப்பது. எழுத்தரை அனுப்பினேன். நானே போயிருக்கலாம், கும்பல் அதிகம்.

ஆகஸ்ட் 7

வேலங்கரடு பள்ளி ஆய்வு. பொறுப்புத் தலைமையாசிரியர் ஓர் இளைஞர். சேம்புப்பாறைப் பிள்ளைகள் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டேன்.

"ஜூன்ல பதினாலு பேரும் நடந்து வந்தாங்க சார். பழைய டீச்சர் காலைல மேல போய்க் கூட்டிட்டு வந்து கேட்டுக்கு வெளியவே விட்டுட்டுப் போயிடுவாங்க. சஸ்பெண்ட்ல இருக்கிறதால உள்ள வர மாட்டாங்க. ஜூலை மழையில ஒரு பொண்ணு வழுக்கி விழுந்து கால் ஒடஞ்சிருச்சு. அதோட பெத்தவங்க விடல. இப்ப அஞ்சு பேர் சார். பையங்க மட்டும்."

"பெண்பிள்ளைகள்?"

"எஸ்டேட்டுக்குப் போறாங்க சார். இடைநின்றவங்கன்னு எழுதட்டுமா?"

இடைநின்றவர் ஒன்பது என்று எழுதினால் என் வட்டாரம் மாவட்டத்தில் கடைசிக்குப் போய்விடும். "நீண்ட விடுப்புன்னு எழுதுங்க" என்றேன். இளைஞருக்கு நிர்வாகம் தெரியவில்லை. மெதுவாகக் கற்றுக்கொள்வார்.

நவம்பர் 14

அடுத்த ஆண்டு மதிப்பீடு. இம்முறை வட்டாரத் தேவையை நான்தான் அனுப்ப வேண்டும். போக்குவரத்துப்படி. வேலங்கரடு என்ற வரிக்கு வந்ததும் கை நின்றது. நடப்பு ஆண்டுச் செலவு என்ற கட்டத்தில் பூஜ்யம். இனமே இல்லாததால் செலவும் இல்லை. பூஜ்யத்தின்மேல் தொகை கேட்டால் சிறப்புக் குறிப்பு வைக்க வேண்டும். சிறப்புக் குறிப்பு வைத்தால் சென்ற ஆண்டு ஏன் நீக்கினீர்கள் என்பார்கள். பழைய கோப்பு திறக்கும். பில் எந்த மேஜையில் கையெழுத்தானது என்பார்கள். கவிப்பிரியா அதே கட்டடத்தில்தான் இருக்கிறாள்.

ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். பிறகு, தேவை: இல்லை என்று போட்டு அனுப்பினேன். விதியை நானா எழுதினேன்?

நவம்பர் 16

மாலை நாலரைக்கு டீச்சர் போன். எஸ்டிமேட் போன தேதி அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

"போட்டுட்டீங்களா தம்பி?"

வசுமதி எதிரில்தான் உட்கார்ந்து அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். முறத்தை ஆட்டுவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தாள்.

"போட்டுட்டேன் டீச்சர்" என்றேன்.

"கர்த்தர் உங்க குடும்பத்தை ஆசீர்வதிப்பார் தம்பி" என்றார். பிறகு போனை விலக்கிப் பிடித்துக்கொண்டு யாரிடமோ சத்தமாகச் சொன்னது கேட்டது: "ஏய் புள்ளைங்களா! ஜூன்ல ஜீப் வருதாம்! ஆபீசர் சொல்லிட்டாரு! உங்கம்மா, அப்பாகிட்டப் போயிச் சொல்லுங்க, எஸ்டேட்டுக்கு இனிமே அனுப்ப வேணாம்னு!"

ஓ என்று ஒரு கூச்சல். எல்லாம் பெண்பிள்ளைகளின் குரல். கைதட்டல். யாரோ ஒரு சிறுமி போன் பக்கத்தில் வந்து, "தேங்க் யூ சார்!" என்று கத்தினாள். நான் துண்டித்துவிட்டேன்.

சேம்புப்பாறையில் செல்போன் சிக்னல் எடுக்கும் என்பது எனக்கு இதுவரை தெரியாது.